ஐந்தாம் மூட்டை

மூட்டை திரும்பி வந்திருந்தது. அதன் தையல் பிரியவில்லை, நான்கு மூலையிலும் வைத்த அரக்கு உடையவில்லை, கனம் மட்டும் இல்லை.

தபால்காரர் காத்தமுத்து அதை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். பதினைந்து நாளைக்கு முன்பு இதே மூட்டையைச் சண்முகவள்ளி தபாலாபீசுக்கு இடுப்பில் வைத்துச் சுமந்துகொண்டு போயிருந்தாள். எட்டு மாதப் பிள்ளையின் கனம் இருந்தது அன்றைக்கு. பத்து நாள் நடைக்கு ஒரு மனிதனுக்கு வேண்டிய மாவும் அவலும் வெல்லமும் வத்தலும் அதற்குள் இருந்தன. இப்போது வாங்கியபோது உலர்ந்த துணியை வாங்குவதுபோல இருந்தது.

“பயப்படாதீங்க மதினி. மொதல்ல இந்தக் கார்டப் படிங்க. அப்புறம் மூட்டையப் பாப்போம்” என்றார் காத்தமுத்து.

கார்டில் கணவன் மலைச்சாமியின் கையெழுத்து. மேலே பெங்களூர் முத்திரை, மார்ச் பதினாறு. ‘ஐந்தாவது மூட்டை வரவில்லை. திரும்பி வருகிறேன். பசிக்கிறது.’

அவள் படித்து முடித்த பிறகுதான், மூட்டையில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காத்தமுத்து சொன்னார். வாங்க வேண்டிய ஆள் மார்ச் ஆறாம் தேதியே இறந்துபோனார் என்று எழுதியிருந்ததாம். காலையில் அதைப் பார்த்ததும் தனக்குக் கை கால் ஓடவில்லை என்றும், கட்டைப் பிரித்துப் பார்த்தால் அடியிலேயே அண்ணனுடைய கார்டு கிடந்தது என்றும் சொன்னார். ஆறாம் தேதி செத்த ஆள் பதினாறாம் தேதி எப்படிக் கார்டு போடுவார்? அந்த ஊரில் வேறு எவனோ பரதேசி செத்திருப்பான், பெயர் மாறியிருக்கும். சிரித்துக்கொண்டே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

நாகல் நகரின் அந்தச் சந்தில் மத்தியான நேரத்துக்கு இரண்டுதான் உண்டு. ஒன்று, வரிசை வீடுகளிலிருந்து வரும் தறிச் சத்தம். மற்றது, புகையிலைக் கிட்டங்கிப் பக்கமிருந்து காற்று திரும்பும்போது வரும் காரமான நெடி. இரண்டையும் தாண்டி வீட்டுக்குள் வந்து, நடு அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த நாத்தனாரைக் கடந்து, அடுப்படியில் உட்கார்ந்து அரிவாள்மனையில் தையலை அறுத்தாள். பழைய வேட்டித் துணியில் அவள் தைத்த பத்துச் சிறு பைகள் உள்ளே இருந்தன. பத்தும் அவள் போட்ட முடிச்சோடே இருந்தன. ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் நெம்பி அவிழ்த்து உதறினாள். ஒரு பருக்கை விழவில்லை. வெல்லம் வைத்த பையில் வெல்லத்தின் கறைகூட இல்லை. எலி கடித்த ஓட்டை இல்லை, பூச்சி அரித்த தடமும் இல்லை. பையின் உட்புறம் மட்டும் ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். நாள்கணக்காகப் பட்டினி கிடப்பவரின் வாயைத் திறந்தால் வருமே, ஒரு புளித்த வாடை, அந்த வாடை வந்தது.

மலைச்சாமி முப்பத்திரண்டு வருடம் சிறுமலைக்குத் தபால் பை சுமந்து நடந்தவர். ஐம்பத்தைந்து முடிந்து வீட்டில் உட்காரச் சொன்னதும் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஒரு நாள் காசிக்கு நடந்தே போகிறேன் என்றார். வண்டி வாகனம் எதிலும் கால் வைப்பதில்லை என்று பழனி மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுச் சொல்லியும்விட்டார். இடைஞ்சல் வயிற்றில் இருந்தது. அவருக்குப் பத்து வருடமாக வயிற்றுப்புண். மிளகாய் ஒரு கிள்ளு பட்டாலும் இரண்டு நாள் சுருண்டு கிடப்பார். வெளியூரில் எங்கேயும் கை நனைக்க முடியாது. அதற்கும் அவருடைய தபால்கார மூளையில் வழி இருந்தது.

“சோறு முன்ன போகணும். நான் பின்ன போகணும்” என்றார்.

அந்த மார்கழி முழுக்க இருவரும் அதே வேலையாக இருந்தார்கள். வழியில் பதினாலு ஊர் குறித்தார். ஒன்று கரூர், இரண்டு சேலம், மூன்று கிருஷ்ணகிரி, நாலு பெங்களூர். ஐந்தாவது தெலுங்குச் சீமையில் ஒரு சின்ன ஊர், அதன் பெயர் கடைசிவரை சண்முகவள்ளியின் வாயில் நுழையவில்லை. அப்படியே ஏறிக்கொண்டு போய்ப் பதினாலாவது காசி. ஒவ்வொரு ஊர்த் தபாலாபீசுக்கும் ஒரு மூட்டை, ‘கேட்கும்வரை வைத்திருக்கவும்’ என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். நாளைக்குப் பத்து மைல் நடை. நாளைக்கு அரைப்படி பொரியரிசி மாவு, ஒரு பிடி அவல், ஒரு துண்டு வெல்லம், வயிற்றுப்புண்ணுக்கு மணத்தக்காளி வத்தல், சுக்கு. மாவு இருபது நாளில் சிக்கு வாடை அடித்துவிடும் என்பதால் மொத்தமாக அரைத்து வைக்க முடியாது. எந்தத் தேதியில் வறுக்க வேண்டும், எந்தத் தேதியில் தைக்க வேண்டும், எந்தத் தேதியில் அனுப்ப வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். இருபது கார்டில் வீட்டு விலாசத்தைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு, தை பிறந்த ஏழாம் நாள் விடியற்காலம் வேடசந்தூர் ரோட்டில் நடக்கத் தொடங்கினார்.

அந்தக் கட்டங்களில் நாத்தனார் அய்யம்மாள் இல்லை. ஆறு வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடப்பவள். மலைச்சாமி இருந்தபோது அவளைத் தூக்க ஒரு கை, பிடிக்க ஒரு கை இருந்தது. அவர் போன பிறகு திருப்பிப் போடுவதும், துடைப்பதும், கட்டிலுக்கு அடியில் கழுவுவதும், ராத்திரி எத்தனை தடவை கூப்பிட்டாலும் எழுந்து போவதும் சண்முகவள்ளியின் இரண்டு கைக்கே வந்தன. அய்யம்மாள் கெட்டவள் இல்லை. கிடையில் கிடப்பவளுக்கு உலகமே ஒரு ஆள்தான், அவ்வளவுதான்.

நாலு மூட்டை தேதி தவறாமல் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் கார்டு வந்தது. ‘மூன்று கிடைத்தது. நலம். வத்தல் நன்றாக இருந்தது.’ ஐந்தாவதைத் தைத்து முடித்த அன்று அய்யம்மாளுக்கு வயிற்றுப்போக்கு. விடிந்ததிலிருந்து ஏழு தடவை துணி மாற்றிய கையோடு வந்து சுவரைப் பார்த்தாள் சண்முகவள்ளி. இன்னும் ஒன்பது கட்டம் இருந்தது. ஒன்பது கட்டத்துக்கு நாலு மாதம், அதற்கப்புறம் அவர் திரும்பி நடந்து வர ஐந்து மாதம். மூட்டையைத் தூக்கினாள். நெல் குதிரின் மூடியைத் திறந்து உள்ளே போட்டு மூடினாள். சோறு வராவிட்டால் மனிதர் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தாள். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. இதை அவள் பிறகு பல தடவை தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அவர் திரும்பவில்லை. காத்திருந்தார்.

‘ஐந்து வரவில்லை. காத்திருக்கிறேன்’ என்று முதல் கார்டு வந்தது. ‘இன்றும் வரவில்லை. நீ அனுப்பியிருப்பாய், வழியில் தாமதம் போலும். தபாலாபீஸ் தாழ்வாரத்தில் இருக்கிறேன்’ என்று இரண்டாவது. ‘கையிலிருந்தது தீர்ந்து நாலு நாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். வந்துவிடும்’ என்று மூன்றாவது. அதைப் படித்த நிமிடம் குதிருக்குள் கையை விட்டு மூட்டையை இழுத்து, வெயிலில் தலையில் முந்தானைகூடப் போடாமல் தபாலாபீசுக்கு ஓடினாள். அது மார்ச் ஐந்தாம் தேதி.

சீட்டில் இருந்தது ஆறாம் தேதி.

இதை யாரிடம் சொல்வது? கார்டைக் கேட்ட அய்யம்மாள் அழுது சிரித்தாள். தம்பி வருகிறான், வருகிறவனுக்கு எதிரே சோறு அனுப்பு, சேலத்துக்கு அனுப்பு என்று கட்டிலிலிருந்தே விரட்டினாள். காத்தமுத்துவும் அதையே சொன்னார். சந்து முழுக்கச் சந்தோஷப்பட்டது. சண்முகவள்ளி அரிசி வறுத்தாள். வறுபடும் வாசனை வீட்டை நிறைத்தபோது அவளுக்குள்ளும் ஒரு நம்பிக்கை மெல்லத் தலை தூக்கியது. செத்தது வேறு ஆளாகவே இருக்கலாம். பைகளை வழியில் யாராவது கெட்டிக்காரன் தையல் தெரியாமல் பிரித்திருக்கலாம். அப்படியே நினைத்துக்கொண்டு மாவை அள்ளிப் பையில் போட்டு முடிச்சுப் போடும்போது, முந்தின முடிச்சுகள் தன் விரல் போட்ட முடிச்சுகள்தான் என்பதை அதே விரல்கள் சொல்லின.

சுவரிலிருந்த கணக்குப்படி பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் பதிமூன்று நாள் நடை. சேலம் கார்டு ஏழாம் நாளில் முத்திரை வாங்கியிருந்தது. ராத்திரியும் பகலும் உட்காராமல், படுக்காமல் நடந்தால்தான் ஏழு நாள். மார்ச் இருபத்து மூன்று. ‘கிடைத்தது. போதவில்லை.’

எழுத்து மாறியிருந்தது. அவருடைய எழுத்துத்தான், ஆனால் பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் கார்டு பின்பக்கம் புடைத்து, ‘பசி’ என்று எழுதி அடித்த இடத்தில் கிழிந்தே போயிருந்தது. கார்டின் ஒரு மூலை இல்லை. அரை வட்டமாகப் போயிருந்தது. அந்த வளைவின் ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாக இருந்தன. காத்தமுத்து அதைப் பார்த்துவிட்டு, மாடு கடித்திருக்கும் என்றார். சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

அன்றைக்குக் கரூருக்கு இரட்டை மூட்டை தைத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு விரல் விட்டு எண்ணினாள். சேலத்திலிருந்து வீட்டுக்குப் பதினோரு நாள் நடை. இந்த வேகத்தில் ஆறு நாள். இருபத்தொன்பதாம் தேதி.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம், தன் அண்ணன் முத்துச்சாமி இருக்கும் ரெட்டியார்சத்திரத்துக்கு இருவருமாகப் போய்விடலாம், வண்டி பேசுகிறேன் என்று அய்யம்மாளிடம் சொல்லிப் பார்த்தாள். அய்யம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்தம்பி அம்புட்டுத் தூரம் நடந்து வாரான். வந்து பாக்கயில வீடு பூட்டிக் கெடக்கணுமா?”

சொல்வதற்கு வாயைத் திறந்தாள் சண்முகவள்ளி. மூட்டையைக் குதிருக்குள் போட்டதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். வண்டிக்காரர்கள் யாரும் கட்டிலோடு ஒரு கிடை மனுசியை ஏற்றச் சம்மதிக்கவும் இல்லை.

மறுநாள் காலையில், அண்ணனைப் பார்த்து ஆள் கூட்டிக்கொண்டு மத்தியானமே திரும்பிவிடுகிறேன் என்று அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவியிடம் சொல்லி, அய்யம்மாளுக்குக் கஞ்சி கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இருந்ததா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பஸ் மேற்கே போயிற்று. கரூர் ரோடு வடக்கே இருந்தது. ஜன்னலோரத்தில் பூந்தோட்டங்களும் கிணற்றுக் கமலைகளும் போகப்போக, ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவள் முழுசாக மூச்சு விட்டாள்.

ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி அண்ணன் வீட்டுக்குத் திரும்பும் முனையில் தபாலாபீஸ். உள்ளேயிருந்த கண்ணாடிக்காரர் அவளைக் கூர்ந்து பார்த்தார்.

“நாகல் நகர் மலைச்சாமி வீட்டம்மாதான? உங்களுக்கு ஒரு கார்டு இங்க வந்து கெடக்கும்மா.”

அவள் பெயருக்கு இருந்தது அது. மேலே, ‘கேட்கும்வரை வைத்திருக்கவும்.’ மார்ச் இருபத்து மூன்று, சேலம் முத்திரை. நேற்றுச் சாயங்காலம்வரை அவளுக்கே தோன்றாத ஊருக்கு, நாலு நாளைக்கு முன்பே எழுதியது. திருப்பினாள். ‘வீட்டில் இரு.’

கார்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே போனால் அங்கேயும் வரும். அண்ணன் பிள்ளைகள் நாலு பேர் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே திரும்பி நடந்து, வந்த பஸ்சே திரும்பும்போது அதில் ஏறிக்கொண்டாள்.

சந்துக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது. தறிச் சத்தம் இல்லை. சாப்பாட்டு நேரம், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜெய்தூன் பீவி தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், முக்காட்டை மூக்கின்மேல் இழுத்துப் பிடித்தபடி.

“வந்துட்டாரும்மா உங்க வீட்டுக்காரர். இப்பத்தான், செத்த நேரம் ஆச்சு. நான் கஞ்சிய வச்சிட்டு வந்துட்டேன்” என்றாள்.

“எப்படி இருக்காரு?”

ஜெய்தூன் பீவி சண்முகவள்ளியின் வீட்டு வாசலைப் பார்த்தாள். “மொகத்தப் பாக்கலம்மா. குனிஞ்சே உள்ள போயிட்டாரு.”

இரண்டு நாள் முந்திவிட்டது. சண்முகவள்ளி தெருவில் நின்றாள். ஓடலாம். எங்கே? எதிர்வீட்டுப் பெண்கள் வந்து வாசலில் நின்று, புருசன் வந்த வீட்டுக்குள் போகாமல் நிற்கிறவளைப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து அய்யம்மாளின் குரல் வந்தது. சந்தோஷமான குரல். ஆறு வருடத்தில் கேட்காத குரல்.

“வள்ளி! தம்பி வந்து அடுப்படியில உக்காந்திருக்கான். பசியோட வந்திருக்கான், வந்து போடு.”

அந்தக் குரலில் பயமே இல்லை. ஒருவேளை உயிரோடுதான் வந்திருக்கிறாரோ என்று நினைத்தாள். அப்படியானால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அடித்தாலும் பட்டுக்கொள்ளலாம். அந்த எண்ணம்தான் அவளை வாசற்படி தாண்ட வைத்தது.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. வாடைதான் முதலில் வந்தது. அந்தப் பைகளில் இருந்த வாடை. நடு அறையில் அய்யம்மாள் தலையணையில் சாய்ந்து அடுப்படிப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலுக்குள், சுவரைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்திருந்தார்.

சட்டை அவருடையது. போகும்போது போட்டிருந்த காக்கிச் சட்டை. அதற்குள் தோள்பட்டை எலும்பு இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாவு டப்பா அவர் மடியில் இருந்தது. மெல்லும் சத்தம் கேட்டது. ஒரே சீராக. நிறுத்தாமல்.

“என்னங்க” என்றாள்.

திரும்பவில்லை. ஒரு கை மட்டும் பின்னால் வந்து, உள்ளே வா என்பதுபோல அடுப்பைக் காட்டியது. காய்ந்த கை. அவரை ஒட்டிக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். போனாள். போன பிறகுதான் உறைத்தது. அந்த அடுப்படிக்கு வேறு வாசல் இல்லை. வாசலில் அவர்.

“போடு” என்றார்.

குரல் தொண்டையிலிருந்து வரவில்லை. காலிக் குடத்துக்குள் யாரோ பேசியதுபோல வந்தது.

மிச்சமிருந்த மாவைச் சட்டியில் கொட்டி, வெல்லம் உடைத்துப் போட்டுத் தள்ளினாள். தண்ணீர் வைத்தாள், தொடவில்லை. மாவு தீர்ந்தது. அவல் போட்டாள். தீர்ந்தது. காலையில் வடித்த சோறு. அதுவும். உலை வைக்க நேரமில்லை, பச்சரிசியை அள்ளிப் போட்டாள். கல்லை அரைப்பதுபோல அரைந்தது. துவரம்பருப்பு. உளுந்து. குனிந்த தலை நிமிரவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முயலவில்லை. பார்வையைக் கீழேயே வைத்திருந்தாள். அதனால் கால்களைப் பார்த்தாள்.

உள்ளங்கால் இல்லை. நடந்து நடந்து தேய்ந்திருந்தது. குதிகால் இருந்த இடத்தில் எலும்பு. எலும்பும் தேய்ந்து, வழுவழுப்பாக, ஆற்றுக் கல் மாதிரி. ரத்தம் இல்லை. விரல் இடுக்கில் செம்மண், கரிசல், வெள்ளை மணல். எத்தனையோ ஊர் மண்.

அவளுடைய கை அள்ளிக்கொண்டே இருந்தது.

“நாந்தான் அனுப்பல” என்றாள். “குதிருக்குள்ள போட்டு வச்சேன். நீங்க திரும்பிருவீகன்னு நெனச்சேன். இம்புட்டு ஆகும்னு நெனக்கல.”

மெல்லும் சத்தம் நின்றது.

சந்தில் யாரோ தண்ணீர் இறைத்தார்கள். வாளி கிணற்றுச் சுவரில் இடித்தது. அவர் அசையவில்லை. மன்னிக்கலாம். கொல்லலாம். ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்று அவள் காத்திருந்தாள்.

சட்டி தரையில் உரசிக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்தது.

போட்டாள். நெல்லை உமியோடு போட்டாள். கருப்பட்டி. புளி. வயிற்றுப்புண்காரருக்குப் புளியா என்று மனதின் ஏதோ ஒரு மூலை கேட்டது. மிளகாய் வற்றலைப் போட்டாள். அதுவும் போயிற்று. உப்பைப் போட்டாள். போகிறது எங்கே போகிறது? சட்டைக்குள் வயிறு முதுகோடு ஒட்டித்தான் இருந்தது. எதுவும் அதை நிறைக்கவில்லை. நடு அறையில் அய்யம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லாச் சாப்புடுறானா? இன்னும் போடு. கேட்டு வாங்க மாட்டான் அவன், நீயாப் போடு.

டப்பாக்கள் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். கடுகு நாலு உருண்டது. அதையும் பொறுக்கிப் போட்டாள்.

தீர்ந்தது.

அவள் வெறுங்கையோடு சுவரில் ஒட்டி உட்கார்ந்தாள். சட்டியை நக்கும் சத்தம். அதுவும் நின்றது. வீடு அமைதியானது. அப்படியொரு அமைதியை அந்தச் சந்து மத்தியானத்தில் கேட்டதே இல்லை.

“வள்ளி, என்ன சத்தத்தையே காணோம்?” என்றாள் அய்யம்மாள். “போதுமாம்மா அவனுக்கு?”

அவர் எழுந்தார். சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். எலும்பு தரையில் தட்டியது. ஒரு அடி. இன்னொரு அடி. அவள் பக்கம் இல்லை. நடு அறைப் பக்கம். வாசல் காலியாயிற்று. ஓட வேண்டும். அந்த வாசல் நடு அறைக்குத்தான் போகும். சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

“வா தம்பி. இப்பிடிக் கட்டில்ல உக்காரு” என்றாள் அய்யம்மாள் பிரியமாக. “மொகத்தக் காட்டுப்பா. எத்தன நாளாச்சு பாத்து.”

கட்டில் கயிறு இழுபட்டது.

பிறகு அய்யம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

மெல்லும் சத்தம் மறுபடி தொடங்கியது.

சீராக. அவசரமில்லாமல். சண்முகவள்ளி இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். கைக்குள்ளும் கேட்டது. வாய் திறந்து கத்தினாள் என்றுதான் நினைத்தாள். சத்தம் வரவில்லை. வெளியே தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் ஜெய்தூன் பீவி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் கேட்கும். கை காதை விட்டு வரவில்லை.

கூரைத் துளையிலிருந்து விழுந்த வெயில் வட்டம், நடுத் தரையிலிருந்து நகர்ந்து நகர்ந்து அடுப்படி வாசற்படிக்கு வந்தது.

அப்போது சத்தம் நின்றது.

அந்த வெயில் வட்டத்துக்குள் முதலில் ஒரு கால் வந்தது. பிறகு மற்றது. விரல் நுனிகள் அவள் பக்கம் பார்த்தபடி, இரண்டும் சேர்ந்து நின்றன.